குடுவைக்குள் ஆதிக்கடல்

போன மாதம், நான் வேலை பார்த்த கல்லூரியிலிருந்து ஓர் இளம் விரிவுரையாளர் வீட்டுக்கு வந்திருந்தார். வேதியியல் துறையில் புதிதாகப் பெரிய திரை வைத்திருக்கிறார்களாம். செய்முறை வகுப்பில் பாதியை இனிமேல் அதில் படமாகவே காட்டிவிடலாம் என்றார். மாதிரிக்கு ஒன்றைத் தன் கைபேசியில் காட்டினார். உயிரில்லாத பொருளிலிருந்து பூமியில் உயிர் எப்படி வந்திருக்கும் என்கிற பாடம். ஒரு குடுவை, அதற்குள் மின்னல், தண்ணீர் சிவக்கிறது, பக்கத்தில் அமினோ அமிலங்களின் பெயர்கள் ஒவ்வொன்றாக மேலே ஏறுகின்றன. ஒரு காபி ஆறுவதற்குள் முடிந்துவிட்டது.

"இதை நம்ம காலேஜ்லயே நெஜமா பண்ணாங்கன்னு சொல்றாங்களே மேடம், எப்படி இருந்துது?" என்று கேட்டார்.

பயமாக இருந்தது என்றேன். அவர் சிரித்தார். நான் விளையாட்டுக்குச் சொன்னதாக எண்ணிவிட்டார் போலிருக்கிறது. அவருக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

நான் கீழ்பென்னாத்தூர் பக்கத்துக் கிராமத்துப் பெண். எங்கள் வீடு சமண வீடு. நெல்லும் மணிலாக்கடலையும் பயிர் செய்கிற குடும்பம். வேலூரிலும் சென்னையிலும் விடுதியில் தங்கிப் படித்தேன். எழுபதுகளின் நடுவில் திருவண்ணாமலைக் கல்லூரியில் வேதியியல் செய்முறைகளைச் செய்து காட்டுகிற டெமான்ஸ்ட்ரேட்டர் வேலை கிடைத்தது. ஆண்கள் நிறைந்த துறையில் நான் ஒருத்தி. தினமும் பஸ்ஸில் வந்து, பொழுது சாய்வதற்குள் வீடு திரும்பிவிடுவேன். விளக்கு வைத்த பிறகு எங்கள் வீட்டில் யாரும் சாப்பிடுவதில்லை. நான் திரும்பும்வரை அம்மாவும் சாப்பிட மாட்டாள்.

துறைத் தலைவர் தணிகாசலம் சார். ஒல்லியான உடம்பு, வெள்ளை அரைக்கைச் சட்டை, குரலை உயர்த்தி யாரும் கேட்டதில்லை. அவர் பேச்சில் மிகவும் பயமுறுத்துகிற சொல் "அப்புறம்?" என்பதுதான். நாம் ஒரு பதில் சொல்லி முடித்ததும் "அப்புறம்?" என்பார். அதற்கும் சொன்னால் இன்னொரு "அப்புறம்?". நமக்குத் தெரியாத இடம் வரும்வரை விடமாட்டார். அந்த இடம் வந்ததும் திட்டவும் மாட்டார். "அங்கேருந்து படிச்சிட்டு வா" என்று சொல்லிவிட்டுத் தன் வேலையைப் பார்ப்பார். வாயால் வரிசையாகச் சொல்லிக் காட்டாத எதையும் அவர் ஆய்வகத்தில் கையால் செய்யக் கூடாது. அமிலத்தில் தண்ணீர் ஊற்றுவதா, தண்ணீரில் அமிலம் ஊற்றுவதா என்பதைக்கூட முதுகலை முடித்த என்னைச் சொல்ல வைத்திருக்கிறார்.

அவருக்கு ஓய்வு நெருங்கிக்கொண்டிருந்தது. அதற்குள் ஒன்றைச் செய்து பார்த்துவிட வேண்டும் என்று ஆசை. அமெரிக்காவில் ஒரு மாணவர் பல வருஷங்களுக்கு முன்பே செய்து பேர் வாங்கிய சோதனைதான். ஆதிகாலத்துப் பூமியின் காற்றில் பிராணவாயு இல்லை. மீத்தேனும் அம்மோனியாவும் ஹைட்ரஜனும் நீராவியும் இருந்திருக்கலாம் என்று அப்போது நினைத்தார்கள். அந்த வாயுக்களை ஒரு கண்ணாடிக் குடுவையில் அடைத்து, கீழே தண்ணீரைக் கொதிக்க வைத்து ஆவியை மேலே அனுப்பி, நடுவில் ஓயாமல் தீப்பொறி விட வேண்டும். கொதிக்கிற தண்ணீர்தான் கடல், தீப்பொறிதான் மின்னல். ஒரு வாரம் கழித்துத் தண்ணீரைச் சோதித்தால், உடம்பின் புரதங்களைக் கட்டுகிற அமினோ அமிலங்கள் அதில் இருக்கும். உயிர் இல்லை, உயிருக்கான பொருள்.

மாணவர்களிடம் சார் அதைச் சொல்கிற விதமே தனி. "அரிசியும் உளுந்தும் ஒரே எடத்துல கெடச்சுதுன்னு சொல்லலாம். இட்லின்னு சொல்லிடாத."

அவர் ஒவ்வொரு பௌர்ணமிக்கும் மலையைச் சுற்றுகிறவர். நெற்றியில் விபூதி இல்லாமல் ஆய்வகத்துக்கு வந்ததில்லை. இயற்பியல் துறையில் ஒருவர், சாமி படைத்ததை நீங்கள் குடுவையில் படைக்கப் பார்ப்பது பொருந்துகிறதா என்று கிண்டலாகக் கேட்டாராம். "அவரு எப்படிப் பண்ணாருன்னு எட்டிப் பாக்கறதுல என்ன தப்பு?" என்று கேட்டுவிட்டு, அவரிடமே காயிலை இரவல் வாங்கி வந்தார் சார். குறைந்த மின்சாரத்தை வாங்கிப் பெரிய தீப்பொறியாகத் துப்புகிற கனமான செம்புக்கம்பிச் சுருள் அது.

கண்ணாடி வேலை சென்னையில் நடந்தது. கல்லூரிக்குக் கட்டுப்படியானது ஒரே ஒரு கருவிதான். அதை வைக்கோலில் பொதிந்து பஸ்ஸில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தார் சார். செஞ்சி தாண்டும்வரை கண்ணை மூடவில்லை என்றார்.

வாயுக்களை நாங்களே தயாரித்தோம். மீத்தேனுக்கு என்ன செய்வது என்று பேச்சு வந்தபோது எங்கள் உதவியாளர் முனுசாமி ஒரு யோசனை சொன்னார். அவர் அடி அண்ணாமலைக்காரர், நடுவயது, எதற்கும் தயங்காதவர். அவர் ஊரில் ஒரு வீட்டில் சாண எரிவாயு இருப்பதாகவும், ரப்பர் பையில் பிடித்துக்கொண்டு வந்துவிடுவதாகவும் சொன்னார். சார் மறுத்துவிட்டார். சாணத்திலிருந்து வருவது நுண்ணுயிர்கள் விடுகிற மூச்சு; உயிரே இல்லாத காலத்தைப் பார்க்கிற சோதனைக்கு அதை எடுத்தால் திருட்டு என்றார். ஆகவே உப்புகளைச் சூடாக்கி மீத்தேன் எடுத்தோம். துத்தநாகத்தில் அமிலம் விட்டு ஹைட்ரஜன் எடுத்தோம்.

என் பயம் அங்கேதான் தொடங்கியது. ஹைட்ரஜன் தனியாக இருந்தால் சாது. அதில் காற்று கலந்து, ஒரு பொறியும் பட்டால் வெடிக்கும். எங்கள் குடுவையிலோ பொறி ஓயாமல் இருக்கப் போகிறது. காற்று மட்டும் உள்ளே போகக் கூடாது. கண்ணாடிக்கும் கண்ணாடிக்கும் நடுவே கிரீஸ் தடவிய மூட்டுகள்தான் எங்களுக்கும் விபத்துக்கும் இடையில் இருந்தவை.

சார் ஒவ்வொரு தடவையும் ஒரு சின்னக் குழாயில் ஹைட்ரஜனைப் பிடித்து, வாயைக் கட்டைவிரலால் மூடி, தீக்கு அருகில் கொண்டுபோய் விரலை எடுப்பார். காற்று கலந்திருந்தால் நாய்க்குட்டியை மிதித்த மாதிரி ஒரு சத்தம் வரும். சுத்தமாக இருந்தால் மெதுவாக எரிந்து அடங்கும். அந்தச் சத்தம் நிற்கும்வரை குடுவைக்குள் வாயுவை விட மாட்டார்.

அதைவிட அவர் அதிகமாகக் கவலைப்பட்டது மின்வெட்டைப் பற்றி. என்னை நிற்க வைத்துச் சொல்ல வைத்தார். கரண்ட் போனால் அடுப்பு அணையும். அப்புறம்? ஆவி குளிர்ந்து தண்ணீராகும். அப்புறம்? உள்ளே அழுத்தம் குறையும். அப்புறம்? ஏதாவது மூட்டு பலவீனமாக இருந்தால் வெளிக்காற்றை உள்ளே இழுத்துக்கொள்ளும். அப்புறம்? கரண்ட் திரும்பி வந்ததும் காயில் தானாகவே பொறி விடும்.

நான் நிறுத்திக்கொண்டேன். அவரும் அந்த இடத்தில் மட்டும் அப்புறம் என்று கேட்கவில்லை. "கரண்ட் போச்சுன்னா மத்த எதையும் பாக்காத. மொதல்ல காயில் சுவிட்ச்சை அணை" என்றார். முனுசாமிக்கும் அதையே சொன்னார்.

ஐப்பசியில் தொடங்கினோம். பகலில் நானும் முனுசாமியும், இரவில் சாரும் முனுசாமியும் என்று ஏற்பாடு; முனுசாமி அங்கேயே தங்கி, கிடைத்த நேரத்தில் தூங்கிக்கொள்வார். வீட்டில் படுத்திருக்கும்போது வெளியே காற்று வீசினால் எழுந்து உட்கார்ந்துவிடுவேன். ஊரில் அதற்குள் பேச்சு பரவியிருந்தது. காலேஜில் கண்ணாடி ஜாடிக்குள் உயிர் பண்ணுகிறார்களாம் என்று கடைத்தெருவில் கேட்டுவிட்டு வந்தார் அப்பா.

எங்கள் வீட்டில் குடிக்கிற தண்ணீரை மும்மடித் துணியில் வடிகட்டித்தான் குடிப்போம். தண்ணீரே உயிருள்ளது என்பது எங்கள் நம்பிக்கை. அப்பா கோபப்படவில்லை. தட்டின் முன்னால் உட்கார்ந்தபடி கேட்டார்.

"ஒரு வாரம் தண்ணியை விடாம கொதிக்க வெக்கிறீங்களாமே?"

"ஆமாம்பா."

"ஜீவனை யாரும் செய்யலம்மா. அது எப்பவும் இருக்குது. இல்லாததை உண்டாக்கறோம்னு இருக்கறதைக் கொதிக்க வெச்சிட்டிருக்கீங்க."

எந்தப் பக்கம் நிற்கிறேன் என்று எனக்கே தெரியவில்லை. தவறு என்று அவர் சொல்லியிருந்தால் எதிர்த்துப் பேசியிருக்கலாம். அவரோ அதைச் சொல்லிவிட்டு, குடுவை வெடிக்குமா என்று மெதுவாகக் கேட்டார். வெடிக்காது என்று சொன்னேன்.

வாரம் முடியப்போகிற நேரம். தண்ணீர் முதலில் இளஞ்சிவப்பாகி, பிறகு தேநீர் நிறத்துக்கு வந்திருந்தது. மத்தியானம் மழை இருட்டிக்கொண்டு வந்தது. சார் முதல்வர் அறைக்குப் போயிருந்தார். நான் பக்கத்துக் கூடத்தில் மாணவர்களுக்குச் செய்முறை வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தேன். இடி ஒன்று விழுந்தது. விளக்குகள் அணைந்தன, மேலே மின்விசிறி ஓய்ந்து நின்றது.

மாணவர்களை அப்படியே விட்டுவிட்டு ஓடினேன். முனுசாமி குடுவைக்குப் பக்கத்தில் நின்றிருந்தார். சுவிட்ச்சை அணைத்துவிட்டேன் என்றார். மேஜையோரத்துப் பலகையில் சுவிட்ச் மேல்நோக்கி, அணைந்துதான் இருந்தது. எனக்கு மூச்சு வந்தது. அடுத்த நிமிடம் ஒரு சத்தம் கேட்டது. நூலைப் போல மெல்லியதாக, உஸ்ஸென்று, நிற்காமல். ஆவியைக் குளிரவைக்கிற கண்டென்சருக்கு மேலிருந்த மூட்டில் கிரீஸ் வெப்பத்தில் இளகி ஒரு பக்கமாக வழிந்திருந்தது. பாதரசக் குழாயைப் பார்த்தேன். உள்ளழுத்தத்தைக் காட்டுகிற அந்தப் பாதரசம் மெதுவாக நகர்ந்துகொண்டிருந்தது. குடுவை காற்றைக் குடித்துக்கொண்டிருந்தது.

முனுசாமி விரலில் கிரீஸை எடுத்து மூட்டில் அப்ப ஆரம்பித்தார். அவர் முகம் கண்ணாடிக்கு ஒரு சாண் தள்ளி இருந்தது. சுவிட்ச்தான் அணைந்திருக்கிறதே என்று நானும் நெருங்கினேன். ஏனென்று தெரியாது, காயிலிலிருந்து போகிற ஒயரைக் கண்ணால் தொடர்ந்தேன். அது மேஜையோரத்துப் பலகைக்குப் போகவில்லை. ஜன்னல் விளிம்பு வழியாகப் பக்கத்துச் சின்ன அறைக்குப் போயிற்று.

"முனுசாமி, இந்த ஒயரு ஏன் அங்க போவுது?"

அவர் திரும்பிப் பார்த்தார். முந்தின நாள் இரவு அந்தப் பலகை கருகியதாகவும், நான் வருவதற்கு முன் காலையில் எலக்ட்ரீசியன் வந்து எதையோ மாற்றியதாகவும், தான் அப்போது டீ வாங்கப் போயிருந்ததாகவும் சொன்னார். சொல்லச் சொல்ல அவர் குரல் இறங்கிக்கொண்டே வந்தது. அவர் அணைத்தது பழைய சுவிட்ச். காயில் இன்னும் உயிரோடு இருந்தது. அந்தச் சின்ன அறை பூட்டியிருந்தது. சாவி சாரிடம் இருந்தது.

முனுசாமியை வெளியே போகச் சொன்னேன். மாணவர்களையும் வெளியே கூட்டிக்கொண்டு போகச் சொன்னேன். முனுசாமி மாணவர்களை விரட்டிவிட்டுத் திரும்பி வந்து என் பின்னாலேயே நின்றார். "நீங்களும் வாங்க மேடம்" என்றார். போயிருக்கலாம். ஆனால் அடுத்த சுவருக்கு அந்தப் பக்கம் தாவரவியல் வகுப்பு நடந்துகொண்டிருந்தது. இங்கேயோ அலமாரி முழுக்க அமில ஜாடிகள்.

காயில் குடுவைக்கு ஒட்டினாற்போல இருந்தது. அதன் பித்தளைத் திருகுகளில் ஒயர் முறுக்கிக் கட்டியிருந்தது. இடுக்கியால் இறுக்கியிருப்பார்கள் போல, விரலுக்கு அசையவில்லை. வியர்வையில் வழுக்கியது. புடவைத் தலைப்பைத் திருகில் சுற்றித் திருப்பினேன். காதுக்கு மிக அருகில் அந்த உஸ்ஸென்ற சத்தம். அது நிற்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். பிறகு, நின்றால் குடுவை நிறையக் குடித்துவிட்டது என்று அர்த்தம் என்பது நினைவுக்கு வந்து, நிற்கக் கூடாது என்று வேண்டிக்கொண்டேன். திருகு அரைச் சுற்று சுற்றியது. இன்னொரு அரைச் சுற்று. ஒயரைப் பிடித்து இழுத்தேன். நுனி பிய்ந்து கையோடு வந்தது.

இரண்டாவது ஒயருக்குக் கையைக் கொண்டு போனபோது என் நெற்றியில் காற்று பட்டது. நிமிர்ந்து பார்த்தேன். மின்விசிறி சுற்ற ஆரம்பித்திருந்தது.

காயில் பேசாமல் இருந்தது. ஓர் ஒயர் போதும், சுற்று அறுந்துவிட்டது. அது எனக்குத் தெரியும், மாணவர்களுக்கே சொல்லிக்கொடுத்திருக்கிறேன். ஆனாலும் அந்த இன்னொரு ஒயரையும் கழற்றினால்தான் என் கை சும்மா இருக்கும் போலிருந்தது. அது வரவில்லை. முனுசாமி என் தோளைத் தொட்டார். நான் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து என்னைத் தொட்டறியாதவர். "வுட்டுடுங்க மேடம். கரண்ட் வந்துடுச்சி" என்றார்.

சார் மழையில் நனைந்தபடி ஓடி வந்தார். அவர் ஓடி நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். நடந்ததை வரிசையாகச் சொல்லச் சொன்னார். சொன்னேன். குறுக்கே ஒரு கேள்வியும் கேட்கவில்லை. பிறகு குடுவையின் வாயுவில் கொஞ்சத்தைச் சின்னக் குழாயில் பிடித்து, எங்கள் இருவரையும் தள்ளி நிற்கச் சொல்லி, துணி சுற்றிய கையால் தீக்கு அருகில் கொண்டுபோனார். அந்தக் கூடமே அதிர்கிற மாதிரி ஒரு சத்தம். குழாய் அவர் கையிலேயே விரிசல் விட்டது. அவர் பெரிய குடுவையைப் பார்த்தார். முனுசாமியைப் பார்த்தார். ஸ்டூலில் உட்கார்ந்து முழங்கால்களை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"உங்க ரெண்டு பேர் வீட்டுக்கும் நான் என்ன பதில் சொல்லியிருப்பேன்?" என்றார்.

அன்று வீட்டில் நான் எதையும் சொல்லவில்லை. புடவைத் தலைப்பு கிழிந்ததை அம்மா கேட்டாள். பஸ்ஸில் ஆணி மாட்டியது என்றேன். இப்போதும் கரண்ட் போய் வந்தால் என் கண் முதலில் மின்விசிறிக்குத்தான் போகிறது.

அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டோம். சோதனையை நிறுத்திவிடுவார் என்று எதிர்பார்த்தேன். உண்மையைச் சொன்னால் ஆசைப்பட்டேன். சார் இரண்டு மாதம் எடுத்துக்கொண்டார். குடுவையைச் சுற்றிக் கம்பிவலை போட்ட மரச்சட்டம் வந்தது. மின்சாரம் போனால் தானே விழுந்துவிட்டு, திரும்பி வந்தாலும் கையால் தூக்கினால்தான் ஓடுகிற மாதிரி ஒரு சுவிட்ச் வந்தது. தை மாதம் மறுபடி தொடங்கினோம். இந்தத் தடவை வாரம் முழுவதும் ஒன்றும் ஆகவில்லை. ஒன்றும் ஆகாத ஒவ்வொரு நாளும் எனக்குப் பாதி ஆயுள் குறைந்தது.

தண்ணீர் செம்பழுப்பாகியது. அதில் ஒரு சொட்டை நீண்ட வடிதாளில் வைத்து, கரைப்பானில் நிறுத்தி, பொருள்கள் தனித்தனியாக மேலே ஏறிப் பிரியும்வரை காத்திருந்தோம். பிறகு தாளில் நின்ஹைட்ரின் தெளித்துச் சூடு காட்டினோம். அமினோ அமிலம் இருக்கிற இடம் ஊதாவாகும். வெள்ளைத் தாளில் நாவல்பழக் கறை மாதிரி ஒன்று, கொஞ்சம் மேலே இன்னொன்று. சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். முனுசாமி கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

செய்தி பரவியது. முதல்வர் வந்து பார்த்தார். சென்னையில் பங்குனியில் நடக்கிற ஓர் அறிவியல் கூட்டத்தில் பேசச் சாரின் பெயரைக் கொடுத்தார்கள். பாக்கி இருந்தது வெற்றுச் சோதனை மட்டும்தான். அதே கருவி, அதே தண்ணீர், அதே வாயு, அதே கொதிப்பு. தீப்பொறி மட்டும் கிடையாது. அந்தத் தாள் வெள்ளையாகவே இருந்தால்தான், ஊதாவைப் பொறிதான் உண்டாக்கியது என்று சொல்ல முடியும். கருவி ஒன்றுதான் என்பதால் அதைப் பின்னால் செய்ய வேண்டியிருந்தது. சார் கூட்டத்துக்கான வேலையில் இருந்தார். நான்தான் செய்தேன்.

பொறி இல்லாத வாரம். எனக்கு அது ஓய்வாக இருந்திருக்க வேண்டும். தாளைச் சூட்டடுப்பிலிருந்து எடுத்தபோது ஓரத்தில் மங்கலாக ஏதோ தெரிந்தது. நிழல் என்று நினைத்தேன். ஜன்னலருகே கொண்டுபோனேன். ஊதா. அதே உயரத்தில், கொஞ்சம் வெளிறி, ஆனால் அங்கேயேதான்.

இன்னொரு தாள் போட்டேன். அதிலும் வந்தது. இன்னும் ஒன்று போட எனக்குத் தைரியம் இல்லை. சாரின் அறைவரை போய்விட்டுத் திரும்பினேன். அவருக்கு ஓய்வுக்கு முன் இருந்தது அந்த ஒரு கூட்டம். சொல்லாமல் இருந்துவிடலாம் என்று தோன்றவில்லை. எப்படிச் சொல்வது என்றுதான் தெரியவில்லை. கடைசியில் இரண்டு தாளையும் அவர் மேஜையில் வைத்தேன்.

"வெறும் சோதனையிலயும் வருது சார்."

அவர் "அப்புறம்?" என்றார். வழக்கமான குரல்தான்.

எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை என்றேன்.

"அங்கேருந்து ஆரம்பிப்போம்" என்று எழுந்தார்.

இரண்டு நாள் தேடினோம். வாயு, ரப்பர் குழாய், கிரீஸ், தாள். கடைசியில் காய்ச்சி வடித்த தண்ணீர் வைத்திருந்த பெரிய கண்ணாடி ஜாடியைச் சாய்த்து அதன் குழாய்க்குள் விரலை விட்டார். வழவழவென்று ஏதோ ஒட்டிக்கொண்டு வந்தது. தாவரவியல் துறையின் நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தோம். வட்டத்துக்குள் சின்னச் சின்னதாக நகர்ந்துகொண்டிருந்தன. சுத்தமான தண்ணீர் என்று நாங்கள் நம்பிய தண்ணீரில் அவை குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தன. கொதிக்க வைத்தபோது செத்து, கரைந்து, எங்கள் தாளில் ஊதாவாக ஏறியிருந்தன.

"உயிர் இல்லாத ஒரு சொட்டுத் தண்ணி இந்த உலகத்துல கெடைக்கறதுதான் கஷ்டம் போல" என்றார் சார். அன்று மாலை பஸ்ஸில் எனக்கு அப்பாவின் முகம் நினைவுக்கு வந்துகொண்டே இருந்தது.

மறுபடி செய்ய நாள் இல்லை. கூட்டத்துக்குப் போகாமல் இருந்துவிடலாம் என்று முதல்வர் சொன்னார். சார் போனார், என்னையும் அழைத்துப் போனார். பேராசிரியர்கள் நிறைந்த கூடத்தில் இரண்டு தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் மாட்டினார். பொறி விட்டது இது, விடாதது இது, இரண்டிலும் வருகிறது, காரணம் எங்கள் தண்ணீர், ஆகவே எங்களுக்கு இன்னும் எதுவும் தெரியாது என்றார். பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். இதைச் சொல்ல இவ்வளவு தூரம் வர வேண்டுமா என்று முன்வரிசையில் ஒருவர் கேட்டார்.

"அடுத்தவங்க இதே தண்ணியில போய் விழக் கூடாதுன்னு வந்தேங்க" என்று சொல்லிவிட்டு அவர் தாள்களைச் சுருட்டினார்.

பஸ்ஸில் திரும்பினோம். அவருக்கு அவமானமாக இருக்குமோ, என்மேல் வருத்தம் இருக்குமோ என்று ஒவ்வொரு நிறுத்தத்திலும் அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்தார். கோடையில் ஓய்வு பெற்றுச் செங்கத்துக்குப் போய்விட்டார்.

கருவி அலமாரியில் இருந்தது. திருமணம், குழந்தைகள், பதவி உயர்வு என்று எனக்கு வருஷங்கள் ஓடின. முனுசாமி வேறு கல்லூரிக்கு மாற்றலானார். எண்பதுகளின் நடுவில் ஒரு விடுமுறையில் அதை வெளியே எடுத்தேன். அதற்குள் விஞ்ஞானிகள் கருத்தை மாற்றத் தொடங்கியிருந்தார்கள். ஆதிப் பூமியின் காற்று நாங்கள் நினைத்த மாதிரி இருந்திருக்காது என்றார்கள். உயிர் கடலடி வெந்நீர் ஊற்றுகளில் தொடங்கியிருக்கலாம் என்றும் சிலர் சொன்னார்கள். அது எனக்கும் தெரியும். ஆனாலும் அந்தக் கெட்ட தண்ணீர் என் மனதை விட்டுப் போகவில்லை.

தண்ணீரைத் திரும்பத் திரும்பக் காய்ச்சி வடித்தேன். கண்ணாடிகளைச் சூட்டடுப்பில் சுட்டேன். கையுறை இல்லாமல் எதையும் தொடவில்லை. இந்த முறை வெற்றுச் சோதனையை முதலில் செய்தேன். தாள் வெள்ளையாக வந்தது. அடுத்த வாரம் பொறி விட்டேன்; அந்த வாரம் என்னால் சரியாகச் சாப்பிட முடியவில்லை. ஊதாவாக இரண்டு புள்ளிகள் வந்தன.

இரண்டு தாள்களையும் அட்டைக்குள் வைத்துக் கட்டிச் செங்கத்துக்குப் பஸ் ஏறினேன். சாருக்குக் கண்ணில் புரை வந்து ஒரு கண்ணை மட்டும் அறுவை செய்திருந்தார்கள். குரலை வைத்துத்தான் என்னை அடையாளம் கண்டார். பொறி விட்ட தாளைக் காட்டினேன். ஒரு புள்ளி தெரிகிறது, இன்னொன்று இருப்பதாக நீ சொன்னால் சரி என்றார். ஊதாப் புள்ளியில் அவருக்கு அவ்வளவு அக்கறை இருக்கவில்லை.

"அந்த இன்னொண்ணு எங்க?"

எடுத்தேன். நின்ஹைட்ரின் தெளித்த தாளை வெறும் கையால் தொடக் கூடாது. விரலின் வியர்வையிலும் அமினோ அமிலம் உண்டு. தொட்ட இடம் மெதுவாக ஊதாவாகிவிடும். இதை எனக்குச் சொல்லிக்கொடுத்தவரே அவர்தான். நான் ஓரத்தைக் கையுறையோடு பிடித்திருந்தேன். அவர் கையை நீட்டினார். சொல்ல வாயெடுத்தேன். அவர் அதற்குள் தாளை வாங்கி, நல்ல கண்ணுக்கு மிக அருகில் வைத்து, மேலிருந்து கீழாக ஓர் அங்குலம் விடாமல் பார்த்தார்.

"ஒண்ணுமே இல்லியா?"

"ஒண்ணுமே இல்ல சார்."

"எங்கயும் இல்ல?"

"இல்ல சார்."

மறுபடி ஒரு தடவை பார்த்தார். பிறகு தாளை இரண்டு கையாலும் மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் சிரித்துக்கொண்டிருந்தார். அவர் மனைவி காபி கொண்டுவந்து வைத்துவிட்டு, ஒன்றும் இல்லாத காகிதத்தைப் பார்த்து எதற்கு இந்தச் சிரிப்பு என்று என்னைக் கேட்டார்.

மறுநாள் கல்லூரியில் கட்டைப் பிரித்தேன். வெள்ளைத் தாளின் இரண்டு ஓரங்களிலும் அவருடைய விரல்கள் ரேகை ரேகையாக ஊதாவில் ஏறியிருந்தன. கட்டைவிரலில் ஒரு வெட்டுத்தழும்புகூடத் தெரிந்தது. அந்தத் தாளை இனி யாருக்கும் அத்தாட்சியாகக் காட்ட முடியாது. அதை என் மேஜை இழுப்பறையில் வைத்துவிட்டு, தண்ணீரை மறுபடி காய்ச்சி வடித்து, வெற்றுச் சோதனையை இன்னொரு தடவை செய்தேன்.